போர்க்கால ஆக்கிரமிப்பும் சகோதரியர் கதையும்: பாரி மகளிர் முதல் மலாயாத் தமிழ் நாவல் வரை

ஆய்வுச்சுருக்கம்

பகைவர் படை கைப்பற்றிய மண்ணில் வாழ நேர்ந்த சகோதரியரின் நிலையைத் தமிழ் இலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே பாடியுள்ளது. புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் இருவரின் பெயரால் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவும் இந்தோனேசியத் தீவுகளும் ஜப்பானியர் வசப்பட்டபோது அங்கு வாழ்ந்த தமிழர் இந்நிலையை மீண்டும் எதிர்கொண்டனர். அக்காலத்தைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுச் சென்ற ஆண்களின் கதைகளாக அமைந்துள்ளன. ஊரில் இருந்த பெண்களும் படையில் சேர்ந்த சகோதரியரும் அவற்றின் மையத்துக்கு வரவில்லை. இந்த வேறுபாட்டையும் அதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுப் புனைவு, ஜப்பானிய ஆக்கிரமிப்பு, மலாயாத் தமிழர், பாரி மகளிர், ஜான்சி ராணிப் படை, கையறுநிலை.

முன்னுரை

போரைக் கூறும் கதைகள் பெரும்பாலும் போர்க்களத்தைக் கூறுபவை. பகைவர் ஊருக்குள் வந்து நிலைகொண்ட பின்னும் நாள்தோறும் அடுப்பு மூட்ட வேண்டியிருந்த வீடுகளைக் கூறும் கதைகள் குறைவு. ஆக்கிரமிப்புக் காலம் என்பது போர் ஓய்ந்த காலமன்று. போர் வீட்டுக்குள் வந்து தங்கிய காலமாகும். அக்காலத்தில் ஒவ்வொருவர் முன்னும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எதிர்த்து வெளியேறுவது. மற்றொன்று, பொறுத்துக்கொண்டு வீட்டைக் காப்பது. இவ்விரு வழிகளையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்துக் காட்டுவதற்குச் சகோதரியர் உறவு புனைவாசிரியர்க்குப் பெரிதும் உதவுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டின் ஹன்னாவின் ‘தி நைட்டிங்கேல்’ (2015) இதற்கு அண்மைக் காலச் சான்றாகும். ஜெர்மானியர் வசப்பட்ட பிரான்சில் வாழும் இரு சகோதரியரின் கதை இது. மூத்தவள் வியான், தன் வீட்டிலேயே தங்க வைக்கப்பட்ட ஜெர்மானிய அதிகாரியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்துகொண்டு, யூதக் குழந்தைகளைக் காக்கிறாள். இளையவள் இசபெல், சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளைப் பிரனீஸ் மலைத்தொடர் வழியே ஸ்பெயினுக்கு அழைத்துச் செல்கிறாள். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே த யோங் என்ற பெண் 1941இல் அமைத்த ‘காமெட்’ மீட்பு வழியே இசபெல் பாத்திரத்துக்கு மூலமாயிற்று. இந்நாவலின் அமைப்பில் ஒரு கூறு கருதத்தக்கது. பல்லாண்டுகளுக்குப் பின் கதையை நினைவுகூரும் முதியவள் இருவரில் எவள் என்பது இறுதிவரை மறைக்கப்படுகிறது. அவள் வீட்டில் இருந்த வியான் என்பது முடிவில் தெரியவருகிறது. சென்றவளின் வீரம் ஊரறிந்தது. இருந்தவள் பட்டதை அவள் மகனும் அறியான். இருந்தவளே நினைவின் காவலர் என்பதை நாவல் இவ்வாறு உணர்த்துகிறது.

இத்தகைய கதைக்கான களமும் மாந்தரும் தமிழர் வரலாற்றிலும் உண்டு. அவை தமிழ் நாவலில் எவ்வாறு இடம்பெற்றன, எவை விடுபட்டன என்பதே இக்கட்டுரையின் வினா. ஆய்வெல்லை 1941 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்பைக் கூறும் தமிழ் நாவல்களாகும்.

பாரி மகளிர்: மரபின் தொடக்கம்

பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டதையும் பாரி மாண்டதையும் புறநானூற்றுக் கபிலர் பாடல்கள் தெரிவிக்கின்றன. அவற்றின் இடையே பாரி மகளிர் பெயரில் ஐந்தடிப் பாடல் ஒன்று உள்ளது. சென்ற மாதத்து நிலவொளியில் தந்தையும் குன்றும் தம்முடையனவாய் இருந்ததையும், இம்மாதத்து நிலவொளியில் அவ்விரண்டும் இல்லாமற் போனதையும் அப்பாடல் அடுத்தடுத்து வைக்கிறது. போர்க்களக் காட்சியோ வஞ்சினமோ அதில் இல்லை. நிலவு மாறவில்லை, அதன்கீழ் இருந்த வாழ்வு மாறிவிட்டது. இதற்கு வகுக்கப்பட்ட துறை கையறுநிலை.

இப்பாடலில் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, பேசுவோர் இருவராயினும் குரல் ஒன்று. வினைகள் தன்மைப் பன்மையில் அமைந்துள்ளன. மூத்தவள், இளையவள் என்ற வேறுபாடு பாடலில் இல்லை. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களும் பிற்கால மரபு வழங்கியவையே. இரண்டாவது, வீழ்ச்சியைக் கூறுபவர்கள் அதில் உயிர் பிழைத்தவர்கள். வென்றவரோ மாண்டவரோ கூற இயலாத ஒன்றை அவர்கள் கூறுகின்றனர்.

பறம்பை இழந்த பின் அம்மகளிரின் அன்றாடத்தைக் கபிலர் காட்டும் இடம் 116ஆம் பாடலாகும். ஒரு காலத்தில் பறம்பின் உச்சியில் ஏறி நின்று, தம் தந்தையோடு பொர வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணியவர்கள், இப்போது சுரைக்கொடி படர்ந்த குப்பைமேட்டில் ஏறி, வழியே செல்லும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணுகின்றனர். எண்ணும் விளையாட்டு மாறவில்லை. எண்ணப்படும் பொருளும் ஏறி நிற்கும் இடமும் மாறிவிட்டன. பகைவர் வென்ற நிலத்தில் வாழும் பெண்களின் நிலையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது அரிது.

இதன்பின் அம்மகளிரின் குரல் கேட்கவில்லை. கபிலர் அவர்களை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணம் பேசியதைப் புறநானூறு 200 முதல் 202 வரையிலான பாடல்கள் கூறுகின்றன. பாரியின் மகளை மலையர்க்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியைத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. இவையனைத்திலும் மகளிர் பேசப்படுகின்றனர், பேசுவதில்லை. ஆனந்த விகடனில் தொடராக வந்து பெரும் வாசகப் பரப்பைப் பெற்ற சு. வெங்கடேசனின் ‘வேள்பாரி’யில் அங்கவை உயிர்ப்புள்ள பாத்திரமாக வருகிறாள். எனினும் அந்நாவலின் மையம் பாரியும் கபிலரும் பறம்பின் இயற்கை வளமுமே. பறம்பு வீழ்ந்த பின் சகோதரியர் வாழ்ந்த வாழ்வு புனைவாசிரியர்க்கு இன்னும் திறந்தே கிடக்கிறது.

மலாயாவில் ஜப்பானியர் காலம்

பாரி மகளிர் பாடிய நிலை இருபதாம் நூற்றாண்டில் கடல் கடந்த தமிழர்க்கு நேர்ந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தாபாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. சிங்கப்பூருக்குச் ‘சியோனான்’ என்ற புதுப்பெயர் இடப்பட்டது. கடிகாரங்கள் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. வாழைமரப் படம் அச்சிட்ட நோட்டுகள் புழக்கத்துக்கு வந்து, நாளடைவில் மதிப்பிழந்தன.

ரப்பர் ஏற்றுமதி நின்றதால் தோட்டத் தொழிலாளரின் கூலி அற்றுப்போயிற்று. அரிசி அருகியது, மரவள்ளிக் கிழங்கு அன்றாட உணவாயிற்று. துணிப் பஞ்சத்தில் சாக்குகள் ஆடையாயின. ‘கெம்பித்தாய்’ எனப்பட்ட ஜப்பானிய இராணுவக் காவல்துறையின் பெயரே மக்களை நடுங்க வைத்தது.

இதனினும் பெருந்துயர் சயாம் – பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஈடுபடுத்தப்பட்டு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை இதனினும் பன்மடங்கு மிகுதி. அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்பது பரவலாக வழங்கும் மதிப்பீடு. அவர்களுள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் மிகப் பலர். போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலோர்க்குக் கல்லறையே இல்லை. தோட்ட லயங்களில் எஞ்சியோர், கணவரும் தமையரும் திரும்புவாரா என அறியாது காத்திருந்த பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

நாவல்களில் சென்றவரும் இருந்தவரும்

இக்காலத்தைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் ப. சிங்காரம் (1920–1997). சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல் சுமத்ராவின் மெடான் நகருக்கு வேலைக்குச் சென்று, ஆக்கிரமிப்பை நேரில் கண்டு, போருக்குப் பின் தமிழகம் திரும்பி மதுரையில் ‘தினத்தந்தி’யில் பணியாற்றியவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும் ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூல்களாயின.

‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகன் பாண்டியன் மெடானிலிருந்து பினாங்குக்கும், வட்டிக்கடையிலிருந்து இந்திய தேசிய இராணுவத்துக்கும் என ஓயாது இடம் மாறுகிறான். தலைப்பில் உள்ள தோணியே நாவலின் இயக்கமுமாகும். ஆக்கிரமிப்பு இங்கு ஆணின் அலைதலாகவும் தன்னுசாவலாகவும் உருவம் பெறுகிறது. பெண்கள் அவன் கடந்து செல்லும் துறைமுகங்களாக வருகின்றனர். ஊரில் நிலைத்து ஆக்கிரமிப்பைக் கடந்த பெண்ணொருத்தியின் கண்வழி நாவல் செல்லவில்லை.

‘கடலுக்கு அப்பால்’ இவ்வகையில் சற்று வேறுபடுகிறது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதம், கடையாள் செல்லையாவை விரும்புகிறாள். செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். பட்டாளம் சென்று வந்தவன் வட்டித்தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஆகான் என்று தந்தை மறுக்கிறார். செல்லையாவின் போர் போர்க்களத்தோடு முடிகிறது. அதன் விலையை மரகதம் வீட்டுக்குள் செலுத்துகிறாள். எனினும் செல்லையாவின் மனப்போராட்டத்துக்கு நாவல் அளிக்கும் இடம் அவளுக்கு அளிக்கப்படவில்லை. சென்றவன், இருந்தவள் என்னும் பகுப்பு ஆண் பெண் என்னும் பகுப்போடு பொருந்திப்போவதை இங்குக் காணலாம். அகமரபில் தலைவன் பிரிவதும் தலைவி ஆற்றியிருப்பதும் இப்பகுப்புக்கு அடித்தளமாக அமைந்தன எனக் கருத இடமுண்டு.

மலேசியத் தமிழ் நாவலாசிரியர்களின் கவனம் சயாம் ரயில் பாதையின் மீது குவிந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகியன இவ்வரிசையில் குறிப்பிடத்தக்கவை. 1930இல் பிறந்த ரெங்கசாமி ஆக்கிரமிப்பைச் சிறுவயதில் கண்டவர். ‘லங்காட் நதிக்கரை’யில் அக்காலத் தோட்டப்புறத்தையும் ‘இமயத் தியாக’த்தில் இந்திய தேசிய இராணுவத்தையும் எழுதினார். பெயரற்று மாண்டவர்க்கு எழுத்தில் கல்லறை எழுப்பியமை இந்நாவல்களின் பெரும்பணியாகும். அப்பணியின் இயல்பினாலேயே கதை ரயில் பாதையின் பக்கம் இழுக்கப்படுகிறது. பசியும் நோயும் சாவும் மிகுந்த இடம் அதுவே. லயத்தில் எஞ்சிய பெண்கள் பிரிவுக் காட்சியிலும் திரும்பும் காட்சியிலும் மிகுதியாகத் தோன்றுகின்றனர்; இடைப்பட்ட ஆண்டுகளை அவர்கள் கடந்த விதம் விரிவு பெறவில்லை. புண்ணியவானின் நாவல் தலைப்பு பாரி மகளிர் பாடலின் துறையை நினைவூட்டுவது இங்குக் கருதத்தக்கது. கையறுநிலை பாடுவதற்கு எஞ்சியிருப்போர் வேண்டும்.

வரலாற்றில் சகோதரியர்

நாவல்களின் மையத்துக்கு வராத சகோதரியர் வரலாற்றில் உள்ளனர். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமையேற்ற சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படையொன்றை அமைக்க அறைகூவல் விடுத்தார். அதுவே ஜான்சி ராணிப் படை. அதன் முகாம் அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. படையினரில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். ரப்பர்த் தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்தோர் பலர். இந்திய மண்ணை ஒருமுறையேனும் கண்டிராதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

ஈப்போவைச் சேர்ந்த பொன்னம்மா, இராசம்மா நவரத்தினம் ஆகிய சகோதரியர் இப்படையில் ஒன்றாகச் சேர்ந்து பர்மா வரை சென்றனர். 1927இல் பிறந்த இராசம்மாவுக்கு அப்போது வயது பதினாறு. போருக்குப் பின் அவர் ஆசிரியராகி, மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கத்தை 1960இல் நிறுவுவதில் முன்னின்று, சம வேலைக்குச் சம ஊதியம் கோரிய போராட்டத்தை வழிநடத்தினார். ஹன்னாவின் நாவல் காட்டும் பகுப்பு இவர்களிடம் இல்லை. மூத்தவள் இருக்க இளையவள் சென்றாள் என்றில்லாமல், இருவரும் சென்றனர். வீட்டில் இருந்தவர் தாய். இந்த அமைப்பு புனைவுக்கு வேறொரு வடிவத்தைத் தருகிறது. இரு மகளிரையும் ஒருசேர அனுப்பிய வீட்டின் ஆண்டுகள் எத்தகையன என்னும் வினா அதன் நடுவே நிற்கிறது. மகனைப் போருக்கு அனுப்பும் மூதின் முல்லைத் தாயைப் பாடிய மரபு, மகள்களை அனுப்பிய தாய்க்கு இன்னும் துறை வகுக்கவில்லை.

பர்மாவில் அப்பெண்களுள் பலர் மேமியோ மருத்துவமனையில் காயமுற்ற வீரர்க்குப் பணிவிடை செய்தனர். 1945இல் இரங்கூனிலிருந்து பின்வாங்க நேர்ந்தது. திரும்பும் வழியில் ரயில் மீது நிகழ்ந்த கொரில்லாத் தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் உயிரிழந்தனர்.

படைக்குத் தலைமை தாங்கிய இலட்சுமியின் வாழ்வில் மற்றொரு சகோதரியர் கதை உள்ளது. 1914இல் சென்னையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இலட்சுமி 1940இல் சிங்கப்பூர் சென்றார். தங்கை மிருணாளினி 1942இல் விக்ரம் சாராபாயை மணந்து, நடனக் கலைஞராகப் புகழ்பெற்றார். சிங்கப்பூர் வீழ்ந்த ஆண்டே தங்கையின் திருமண ஆண்டு. ஒருவர் ஆக்கிரமிக்கப்பட்ட நகரிலும் மற்றவர் இந்தியாவிலும் இருக்க, இடையில் போர்க்களமாகிய கடல் கிடந்தது. இலட்சுமி பர்மாவில் பிடிபட்டு, 1946 மார்ச்சிலேயே இந்தியா திரும்பினார்.

வெற்றிடத்தின் காரணங்கள்

இத்தகைய பொருள் இருந்தும் நாவலின் மையத்துக்கு அது வராமைக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, தமிழகத்தின் தொலைவு. தமிழகம் ஆக்கிரமிப்பை அஞ்சியதேயன்றி அனுபவிக்கவில்லை. ஜப்பானியப் போரின் அலை சென்னையின் தென்புறத்தை முன்னரே தொட்டதுண்டு. 1938 டிசம்பரில் சீனாவின் ஹாங்சோவில் கூடவிருந்த அனைத்துலக மிஷனரி மாநாடு, அங்கு நிகழ்ந்த ஜப்பானியப் படையெடுப்பினால், ஓராண்டுக்கு முன்பே புதிய வளாகத்துக்குக் குடிபெயர்ந்திருந்த தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் இறங்கக்கூடும் என்ற அச்சத்தில் சென்னை மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்குச் சென்றன. 1943 அக்டோபரில் நகரின் மீது குண்டும் விழுந்தது. ஆனால் பகைவர் வந்து தங்கவில்லை. ஆதலால் தமிழக நினைவில் அப்போர் ரேஷனாகவும் விளக்கணைப்பாகவும் ஊர்மாற்றமாகவும் பதிந்தது. மலாயாவின் அனுபவம் வேற்றூர்ச் செய்தியாகவே நின்றது.

இரண்டாவது, எழுதியோரின் நிலை. இங்கு எடுத்துக்கொண்ட நாவல்களின் ஆசிரியர் அனைவரும் ஆண்கள். தாம் கண்டதையும் ஆண்கள் வாய்வழிக் கேட்டதையும் அவர்கள் எழுதினர். ரயில் பாதையிலிருந்து மீண்டவனுக்குச் சொல்வதற்குப் பயணம் இருந்தது. மூன்றாண்டுகள் மரவள்ளி பயிரிட்டுப் பிள்ளைகளைக் காத்தவளின் வாழ்வு கதையாகக் கருதப்படவில்லை.

மூன்றாவது, நினைவின் மொழி. இலட்சுமியின் தன்வரலாறு ஆங்கிலத்தில் அமைந்தது. இராசம்மாவைப் பற்றி அருணா கோபிநாத் எழுதி 2007இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறும் ஆங்கில நூலே. ஆங்கிலக் கல்வி பெற்ற பெண்களின் நினைவு நூலாயிற்று. படையின் பெரும்பகுதியாக இருந்த தோட்டப் பெண்கள் தமிழ் மட்டுமே பேசினர். அவர்களுள் எழுதத் தெரிந்தோர் சிலரே. தமிழில் நினைவு வைத்திருந்தோர் எழுதவில்லை. எழுதப்பட்ட நினைவு தமிழில் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே சகோதரியர் கதை நழுவிவிட்டது.

முடிவுரை

தமிழ் மரபில் ஆக்கிரமிப்பைப் பற்றிய மிகத் தொன்மையான குரல்களுள் ஒன்று சகோதரியர் இருவரின் குரலாக அமைந்துள்ளது. இழப்பின் கணக்கை அவர்கள் நிலவைச் சாட்சி வைத்துக் கூறினர். மலாயாவின் துயரைப் பாடிய தற்கால நாவல்கள் சென்றவரின் வழியே அத்துயரை அறியச் செய்தன. அவற்றின் பணி பெரிது. ஆயினும் இருந்தவரின் கணக்கு இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது. பொன்னம்மா, இராசம்மா போன்றோரின் வாழ்வு காட்டுவதுபோல், சென்றவரும் இருந்தவரும் ஆண் பெண் என்று பிரிந்தவர் அல்லர்.

ஆக்கிரமிப்பின்போது பதினாறு வயதினராக இருந்தோர் இன்று நூறு வயதை எட்டும் நிலையினர். நேர்ச்சாட்சியம் கேட்கக்கூடிய காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. எஞ்சியுள்ளவை அவர்களின் மகளிரும் பேத்தியரும் கேட்டறிந்த வீட்டுக் கதைகள். தாய் எவ்விடத்தில் அரிசியை ஒளித்துவைத்தாள், அக்காள் தங்கையின் தலைமுடியை ஏன் குறைத்தாள் என்பன போன்ற சிறு செய்திகளை ஆவணமாகக் கருதித் தமிழிலேயே தொகுப்பது ஆய்வாளர் முன்னுள்ள உடனடிப் பணியாகும். வரலாற்றுப் புனைவு அதன் மேல் எழ வேண்டும். கபிலர் குப்பைமேட்டில் நின்ற அம்மகளிரைக் கண்டு, அவர்கள் எண்ணிய உப்பு வண்டிகளையும் பாடலில் வைத்தார். அத்தகைய பார்வையே இப்பொருளுக்கு இன்று தேவைப்படுவது.